காற்று கேட்கும் நீர்: வானிலைத் தரவிலிருந்து வயலின் பாசனக் கணக்கு



வானிலை நிலையம் தரும் எண்களைக் கொண்டு ஒரு வயலின் தண்ணீர்த் தேவையை எப்படிக் கணக்கிடுவது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்குக்கான அறிவியல் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நம் கையில் இருக்கிறது. தரவும் இன்று வட்டார அளவு வரை வந்துவிட்டது. ஆனாலும் எப்போது தண்ணீர் விடுவது, எவ்வளவு விடுவது என்பதை நம் தோட்டங்களில் முடிவுசெய்வது மும்முனை மின்சாரம் வரும் நேரமும், வாய்க்கால் முறையும், பக்கத்துத் தோட்டக்காரர் மோட்டார் போட்டுவிட்டார் என்ற பதற்றமும்தான். 1990இலிருந்து தமிழ்நாட்டில் உழவர்களின் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். அது உழவரைக் காத்த திட்டம். ஆனால் மின்கட்டணம் இல்லாத இடத்தில், எவ்வளவு நீர் இறைத்தோம் என்று சொல்லும் ரசீதும் இல்லாமல் போய்விட்டது. அந்தக் கணக்கை வானிலைத் தரவால் மீட்க முடியும். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

1. மழையும் செலவும் ஒரே அளவில்

மழையை மில்லிமீட்டரில் அளக்கிறோம். வயலிலிருந்து ஆவியாகப் போகும் நீரையும் அதே அளவில் சொன்னால் வரவும் செலவும் எதிரெதிரே நிற்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர். ஓர் ஏக்கரில் அது 4,047 லிட்டர். ஒரு ஹெக்டேரில் 10,000 லிட்டர். கோடையில் செழித்து நிற்கும் பயிர் நாளொன்றுக்கு 6, 7 மில்லிமீட்டர் செலவழிக்கும். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் இரண்டு, தினமும், ஏக்கர் ஒன்றுக்கு!

இந்த நீர் இரண்டு வழியாகப் போகிறது. ஈர மண்ணிலிருந்து நேரே ஆவியாவது ஒன்று. வேர் இழுத்து, தண்டு ஏற்றி, இலைத்துளை வழியாக வெளியேறுவது மற்றொன்று. வேர் இழுக்கும் நீரில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடச் செடியின் உடலில் தங்குவதில்லை. இரண்டையும் சேர்த்து ‘ஆவிப்போக்கு’ என்று சொல்லிக்கொள்வோம். செடி வீணாக்குகிறது என்று நினைக்க வேண்டாம். கரியமிலவாயுவை உள்ளே வாங்க இலை தன் துளைகளைத் திறந்தாக வேண்டும். திறந்த துளை வழியே நீர் வெளியேறுகிறது. துளையை மூடினால் நீர் மிஞ்சும், விளைச்சல் போய்விடும். ஆகவே இந்தச் செலவு விளைச்சலுக்கான செலவு.

ஒரு லிட்டர் நீரை ஆவியாக்கச் சுமார் 2.45 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். அதைச் சூரியன் தருகிறது. ஆவியான நீரை அங்கிருந்து அகற்றக் காற்று வேண்டும். அந்தக் காற்றுக்கு ஈரத்தை வாங்கிக்கொள்ளும் வறட்சியும் வேண்டும். வெயில், வெப்பம், காற்றின் ஈரப்பதம், காற்றின் வேகம் ஆகிய நான்கும் தெரிந்தால் வானம் இன்று எவ்வளவு நீரைக் கேட்கிறது என்று சொல்லிவிடலாம்.

2. டால்டனிலிருந்து பென்மன் வரை

1802இல் ஜான் டால்டன் ஒரு விதியைச் சொன்னார். நீர்ப்பரப்பின் மேல் இருக்கும் ஆவியழுத்தத்துக்கும் காற்றில் இருக்கும் ஆவியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடே ஆவியாதலை நடத்துகிறது. காற்று வீசினால் அது கூடுகிறது. இது ஒரு வழி. வயலில் விழும் வெயிலின் ஆற்றலில் மண்ணைச் சூடாக்கியதும் காற்றைச் சூடாக்கியதும் போக எஞ்சியது எவ்வளவு நீரை ஆவியாக்கும் என்று கணக்கிடுவது இன்னொரு வழி. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் ஹோவர்ட் பென்மன் 1948இல் இந்த இரண்டையும் ஒரே சமன்பாட்டில் இணைத்தார். அதனால் கிடைத்த பெரிய வசதி, நீர்ப்பரப்பின் வெப்பநிலையை அளக்கும் தொல்லை இல்லாமல் போனது. சாதாரண வானிலை நிலையம் எடுக்கும் அளவுகளே போதும் என்றாயிற்று.

1965இல் ஜான் மான்டீத் அதில் இலையைக் கொண்டுவந்து சேர்த்தார். இலைத்துளை எவ்வளவு திறந்திருக்கிறது, நீர் வெளியேற எவ்வளவு தடை இருக்கிறது என்பது சமன்பாட்டுக்குள் வந்தது. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 1990இல் ரோமில் அறிஞர்களைக் கூட்டி, உலகம் முழுவதும் ஒரே முறையைப் பின்பற்றலாம் என்று பரிந்துரை பெற்றது. 1998இல் ஆலன், பெரெய்ரா, ரேஸ், ஸ்மித் ஆகிய நால்வரும் எழுதிய 56ஆம் எண் வெளியீடாக அது வந்தது. பாசனப் பொறியியல் படிக்கும் மாணவர்கள் இன்றும் அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள்.

அந்த நூல் செய்த தெளிவான வேலை ஒன்று உண்டு. வானத்தின் கேட்பையும் பயிரின் கேட்பையும் அது பிரித்து வைத்தது. முதலில், 12 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சீராக வளர்ந்து, நிலத்தை முழுவதும் மூடி, தண்ணீர்க் குறை எதுவும் இல்லாத ஒரு புல்வெளியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். அந்தப் புல் இன்று எவ்வளவு நீர் செலவழிக்கும் என்பதே ‘மேற்கோள் ஆவிப்போக்கு’. இதில் பயிரின் பெயரே வராது, வானிலை மட்டும்தான். அதன் பிறகு, நம் பயிர் அந்தப் புல்லைப்போல எத்தனை மடங்கு செலவழிக்கும் என்று பார்க்க வேண்டும். அந்த மடங்குக்குப் பயிர்க் கெழு என்று பெயர். இரண்டையும் பெருக்கினால் பயிரின் அன்றைய தேவை வந்துவிடும்.

நம் நாட்டிலும் இந்தத் துறை அன்றே தொடங்கியது. சர் சி.வி. ராமனிடம் ஆய்வு பயின்ற எல்.ஏ. ராமதாஸ் தலைமையில் 1932இல் புணேயில் வேளாண் வானிலைப் பிரிவு தொடங்கப்பட்டது. பயிரோடு ஒட்டிய காற்று அடுக்கில் என்ன நடக்கிறது என்று அளப்பதை இந்தியாவில் ஒரு துறையாக வளர்த்தவர்கள் அவர்கள்.

3. ஆடிக் காற்று

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கோவை, பல்லடம், உடுமலைப் பக்கத்து உழவருக்கு இது வெறும் பழமொழி இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலை விட்டுக்கொடுத்த பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் காற்று புகுந்து வருகிறது. மழையை மலைக்கு அந்தப்பக்கம் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வரும் காற்று. அதை நம்பித்தான் அந்த வட்டாரத்தில் காற்றாலைகள் நிற்கின்றன. காற்றாலையைச் சுழற்றும் அந்தக் காற்று பயிரிலிருந்து எவ்வளவு நீரை எடுத்துக்கொள்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கோவையின் அகலாங்கில், கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேலே, ஜூலை நடுவில் மேகம் கவிந்த ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன். அதிக வெப்பம் 31, குறைந்த வெப்பம் 22 பாகை செல்சியஸ். காற்றின் சராசரி ஈரப்பதம் மூன்றில் இரண்டு பங்கு. வெயில் பகலில் நாற்பது சதவீத நேரம் மட்டும். இவற்றை மாற்றாமல் காற்றின் வேகத்தை மட்டும் மாற்றுகிறேன். தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் காற்று நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வீசினால் மேற்கோள் ஆவிப்போக்கு 3.9 மில்லிமீட்டர். நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 14 கிலோமீட்டருக்குச் சற்றுமேல் வீசினால் 5.1 மில்லிமீட்டர். வெயில் ஒரு துளி கூடவில்லை, வெப்பம் ஒரு பாகை ஏறவில்லை. ஆனால் தேவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. ஏக்கருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 4,900 லிட்டர். மேகமூட்டமாக இருக்கிறது, இன்று தண்ணீர் வேண்டாம் என்று ஆடி மாதத்தில் முடிவுசெய்தால் பயிர் வாடும்.

வெப்பநிலையை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கிடும் முறைகளும் உண்டு. 1948இல் தார்ன்த்வெயிட் சொன்னது ஒன்று. 1985இல் ஹார்கிரீவ்ஸும் சமானியும் சொன்னது இன்னொன்று. பின்னது எளிமையானது, பயனுள்ளது. ஒரு நாளின் அதிக, குறைந்த வெப்பநிலைகளுக்கு இடையிலான வேறுபாடு மேகமூட்டத்தின் அளவைக் காட்டிக்கொடுக்கும் என்பதே அதன் அடிப்படை. வெப்பமானி ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில் அதுதான் துணை. ஆனால் நான் சொன்ன அதே ஜூலை நாளுக்கு அந்த முறை 4.7 மில்லிமீட்டர் என்கிறது. காற்று அடித்தாலும் ஓய்ந்தாலும் அதே 4.7 தான். காற்றை அறியாத சமன்பாடு அமைதியான நாளில் கூட்டிச் சொல்லும். காற்றடிக்கும் நாளில் குறைத்துச் சொல்லும். கணவாய்க்கு எதிரே இருக்கும் ஊர்களுக்குக் காற்றுமானி இல்லாத கணக்கு கணக்கே ஆகாது.

இதையொட்டி இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். வெப்பம் ஏறுகிறது, ஆகவே ஆவியாதலும் ஏறிக்கொண்டே போகும் என்று பலரும் நினைக்கிறோம். 1997இல் சட்டோபாத்யாயும் ஹியூமும் இந்திய நிலையங்களின் பழைய பதிவுகளை ஆராய்ந்தபோது, வெப்பம் கூடிய காலத்திலேயே ஆவியாதல் குறைந்துவந்திருப்பதைக் கண்டார்கள். காற்றின் ஈரம் கூடியிருந்தால், வெயிலோ காற்றின் வேகமோ குறைந்திருந்தால், வெப்பம் ஏறியும் நீர்த்தேவை இறங்கக்கூடும். வெப்பமானியை மட்டும் பார்த்து எதிர்காலப் பாசனத்தைத் திட்டமிடக் கூடாது என்பதற்கு இது போதுமான சான்று.

4. பயிரின் வயது

வானத்தின் கேட்பு தெரிந்துவிட்டது. இனிப் பயிர். மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்வோம். விதைத்து முளைத்த பருவத்தில் அதன் கெழு 0.3 அளவில் இருக்கும். இலை விரிந்து நிலத்தை மூட மூட ஏறும். பூக்கும் பருவத்தில் 1.2. மணி முற்றிக் காயும்போது 0.6க்கும் கீழே இறங்கும். நிலக்கடலை 1.15 வரை போகும். முழு வளர்ச்சி அடைந்த கரும்பு 1.25. ஒன்றைத் தாண்டுவது ஏன்? ஆள் உயரத்துக்கு நிற்கும் பயிர் 12 சென்டிமீட்டர்ப் புல்லைவிட அதிகக் காற்றைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது, இலைப்பரப்பும் அதிகம். அதனால் காற்று மிகுந்த வறண்ட ஊரில் உயரப் பயிரின் கெழுவை இன்னும் சற்றுக் கூட்ட வேண்டும். ஈரமும் அமைதியுமான ஊரில் குறைக்க வேண்டும். அட்டவணையில் உள்ள எண்ணை அப்படியே எடுத்து எல்லா ஊருக்கும் பொருத்துவது சரியல்ல.

இளம்பயிரின் கெழுவில் பெரும்பங்கு ஈர மண்ணிலிருந்து ஆவியாவதுதான். எத்தனை முறை நனைக்கிறோமோ அத்தனை முறை மண் நீரை இழக்கும். மூடாக்கு போட்டால் மிச்சமாவது இந்தப் பங்கு. பயிர் வளர்ந்து நிழல் விழுந்த பிறகு மூடாக்கின் பயன் குறைந்துவிடும். எந்தக் காலத்தில் எந்த உத்தி பயன் தரும் என்பதைக் கெழுவை இப்படிப் பிரித்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.

5. மண் என்னும் குதிர்

மண்ணை வீட்டு நெற்குதிராக நினைத்துக்கொள்ளுங்கள். குதிரின் கொள்ளளவு தெரிய வேண்டும், தினமும் எடுக்கும் அளவு தெரிய வேண்டும், எந்த மட்டத்துக்கு இறங்கினால் மறுபடி நிரப்புவது என்றும் தெரிய வேண்டும். செம்மண் சரளை கலந்த மணற்சாரி நிலம் ஒரு மீட்டர் ஆழத்துக்குச் சுமார் 120 மில்லிமீட்டர் நீரைப் பயிருக்கென்று பிடித்து வைக்கும் என்று கொள்வோம். கரிசல் 180 வரை பிடிக்கும். மக்காச்சோளத்தின் வேர் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் வேலை செய்கிறது என்றால் செம்மண்ணில் இருப்பு 72 மில்லிமீட்டர், கரிசலில் 108. இருப்பு முழுவதும் தீரும்வரை பயிர் பொறுக்காது. ஏறக்குறைய பாதி தீர்ந்ததும் தண்ணீர் காட்டிவிட வேண்டும். நெருக்கடியை வாழை சீக்கிரம் உணரும். கரும்பு கொஞ்சம் தாங்கும்.

இப்போது கணக்கு. சித்திரை வெயில், அதிக வெப்பம் 36, குறைந்த வெப்பம் 24. மேற்கோள் ஆவிப்போக்கு 5.9 மில்லிமீட்டர். பூக்கும் மக்காச்சோளத்துக்கு 1.2ஆல் பெருக்கினால் 7.1. செம்மண்ணில் பாதி இருப்பு 36 மில்லிமீட்டர். ஐந்து நாளில் தீரும். கரிசலில் 54 மில்லிமீட்டர். ஏழு நாள் தாங்கும். ஒரே ஊர், ஒரே பயிர், ஒரே வெயில். வரப்புக்கு இந்தப்பக்கம் ஐந்து நாள், அந்தப்பக்கம் ஏழு நாள். வாரத்துக்கு ஒரு தண்ணீர் என்று ஊருக்கே ஒரு விதி வகுத்தால் செம்மண்காரர் பயிர் இரண்டு நாள் வாடும்.

அதே பயிர் முளைத்த பருவத்தில் நாளொன்றுக்கு 2 மில்லிமீட்டர்தான் கேட்கும். வேரும் ஒரு சாண் ஆழத்துக்குள்தான் இருக்கும். செம்மண்ணில் பாதி இருப்பு 15 மில்லிமீட்டருக்கு மேல் வராது. அப்போது பூக்கும் பயிருக்குக் கொடுக்கும் அளவையே கொடுத்தால் பாதிக்குமேல் வேருக்குக் கீழே இறங்கிவிடும். கூடவே உரமும் போகும்.

சரி, 36 மில்லிமீட்டர் என்றால் மோட்டார் எத்தனை மணி நேரம்? அதைத் தெரிந்துகொள்ள எந்தப் பொறியாளரும் வேண்டாம். 200 லிட்டர் டிரம் ஒன்றைப் பைப்பு வாயில் வையுங்கள். கைப்பேசியில் நேரம் பாருங்கள். 48 நொடியில் நிரம்பினால் மணிக்கு 15,000 லிட்டர். 36 மில்லிமீட்டர் என்பது ஏக்கருக்கு 1,45,700 லிட்டர்; ஏறக்குறைய பத்து மணி நேரம். வாய்க்காலில் விட்டுப் பாத்தி கட்டிப் பாய்ச்சினால் நூற்றுக்கு அறுபது பங்குதான் வேருக்குச் சேரும் என்று கொண்டால் பதினாறு மணி நேரம். சொட்டுநீரில் தினமும் கொடுப்பவருக்கு அன்றைய 7.1 மில்லிமீட்டர் மட்டும் போதும். தொண்ணூறு சதவீதம் சேரும் என்றால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். வானிலை நிலையத்தில் பிறந்த எண் இங்கே மோட்டார் ஓடும் நேரமாக மாறிவிட்டது. இதுவரை வந்தால்தான் இந்தக் கணக்கு உழவருக்குப் பயன்படும்.

சமன்பாடு வேண்டாம் என்பவர்களுக்கு ஆவியாதல் தொட்டி இருக்கிறது. 120 சென்டிமீட்டர் விட்டமும் 25 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட வட்டத் தொட்டி, மரச்சட்டத்தின்மேல் அமர்ந்திருக்கும். நம் நாட்டில் காக்கை குருவி குடிக்காமல் இருக்கக் கம்பிவலை போட்டிருப்பார்கள். பார்வையாளர் காலையில் போய், உள்ளே இருக்கும் ஊசிமுனைவரை நீர்மட்டம் மறுபடி வரும்படி அளவுக்குவளையால் நீர் ஊற்றுவார். எவ்வளவு ஊற்றினாரோ அதுவே ஆவியான அளவு. இடையில் மழை பெய்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்வார். லூதியானாவில் பிரிஹாரும் அவரோடு பணியாற்றியோரும் 1970களில் இதை எளிய விதியாக்கினார்கள். ஒரு தண்ணீருக்கு 50 மில்லிமீட்டர் கொடுப்பதாக இருந்தால், தொட்டியின் ஆவியாதல் நாள்தோறும் கூடி 62.5 மில்லிமீட்டரைத் தொடும் அன்று அடுத்த தண்ணீர். 50ஐ 62.5ஆல் வகுத்தால் வரும் இந்த 0.8 என்ற விகிதம் பயிருக்குப் பயிர் மாறும். கூட்டல் தெரிந்த யாரும் செய்யலாம்.

6. பெய்த மழையும் பயன்பட்ட மழையும்

பாசனத் தேவை என்பது பயிரின் தேவையிலிருந்து மழையைக் கழித்தது. ஆனால் பெய்ததை எல்லாம் கழிக்கக் கூடாது. செம்மண்ணில் 36 மில்லிமீட்டர் குறைவாக இருக்கும் நாளில் 60 மில்லிமீட்டர் பெய்தால் 36தான் மண்ணில் தங்கும். எஞ்சிய 24 ஓடையிலோ கிணற்றிலோ போய்ச் சேரும். மாத மழையைக் கொண்டு பயன்மழையைச் சொல்லும் அமெரிக்க மண்பாதுகாப்புத் துறையின் சூத்திரம் ஒன்று பல மென்பொருள்களில் இருக்கிறது. 100 மில்லிமீட்டர் பெய்தால் 84 பயன்படும், 200 பெய்தால் 136 என்று அது சொல்லும். தூறிக்கொண்டே இருக்கும் நாடுகளுக்கு அது ஒத்துவரலாம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. அதிலும் ஒரு புயல் சின்னத்தில் மாத மழை முழுவதும் இரண்டு நாளில் கொட்டிவிடும். மாதக் கணக்கு நம்மை ஏமாற்றும். நாள் கணக்கே நமக்குப் பொருந்தும்.

திட்டமிடும்போது சராசரி மழையை நம்புவதும் ஆபத்து. சராசரிக்குக் குறைவாகப் பெய்யும் ஆண்டு ஏறக்குறைய ஒன்றுவிட்டு ஒன்று வரும். நான்கில் மூன்று ஆண்டுகளாவது கட்டாயம் கிடைக்கும் மழை எவ்வளவு என்று பழைய பதிவுகளிலிருந்து எடுத்து, அதைக்கொண்டுதான் ஏரிக்கும் கிணற்றுக்கும் கணக்குப் போட வேண்டும்.

7. நெல்லின் தனிக்கணக்கு

மற்றப் பயிருக்குச் சொன்னதை நெல்லுக்கு அப்படியே சொல்ல முடியாது. குறுவை நடவு வயலில் 90 நாள் நிற்கிறது என்று கொள்வோம். நாளொன்றுக்கு மேற்கோள் ஆவிப்போக்கு 6 மில்லிமீட்டர், கெழு சராசரியாக 1.1. மொத்தம் 594 மில்லிமீட்டர். இது வானம் கேட்பது. சேறடித்து வயலைத் தயார்செய்ய ஒரு 200. பிறகு கீழே இறங்குவது: களிமண்ணில் நாளுக்கு 3 மில்லிமீட்டர் என்றால் 270, மணல் கலந்த நிலத்தில் 8 என்றால் 720. ஆக, களிமண்ணில் 1,064 மில்லிமீட்டர், மணற்பாங்கில் 1,514. வேறுபாடு முழுவதும் மண்ணால் வந்தது.

ஒரு டி.எம்.சி. தண்ணீர் என்பது சுமார் 23,000 ஏக்கரில் ஓரடி நீர். மழையே இல்லை என்று வைத்துக்கொண்டால், வயலில் வந்து சேரும் ஒரு டி.எம்.சி. களிமண்ணில் 6,600 ஏக்கர்க் குறுவைக்குப் போதும்; மணற்பாங்கில் 4,600 ஏக்கருக்குத்தான். ஜூன் 12இல் மேட்டூர் திறப்பதற்கு முன் எத்தனை ஏக்கருக்குக் குறுவை என்று முடிவுசெய்யும்போது அணையின் நீர்மட்டத்தோடு டெல்டாவின் மண்வரைபடமும் மேசையில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டும் முறையின் பயனும் இங்கேதான் விளங்கும். வயலில் துளையிட்ட குழாயைப் புதைத்து, தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சுகிறோம். ஆவிப்போக்கு இதனால் பெரிதாகக் குறைவதில்லை. கீழே இறங்கும் நீர்தான் குறைகிறது. மணற்பாங்கான வயலில் மிச்சம் அதிகம். கெட்டிக் களியில் குறைவு. பூக்கும் நேரத்தில் மட்டும் காயவிடக் கூடாது.

மிச்சம் என்ற சொல்லை எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும். வேருக்குக் கீழே இறங்கிய நீர் பக்கத்துக் கிணற்றுக்கு ஊற்றாகப் போனால் அது ஊருக்கு இழப்பில்லை. உவர்நீர் நிற்கும் கடலோர நிலத்தில் இறங்கினால் அது திரும்பி வராது. சொட்டுநீர் போட்டதால் பயிரின் ஆவிப்போக்கு குறைந்துவிடாது. வாய்க்கால் இழப்பும் பாத்தியின் இழப்பும்தான் குறையும். அப்படி மிஞ்சிய நீரைக்கொண்டு இன்னும் இரண்டு ஏக்கரில் பயிர் வைத்தால், நிலத்தடி நீர்மட்டம் முன்னைவிட வேகமாக இறங்கும். மானியக் கணக்கில் இது சேமிப்பு என்று எழுதப்படும். ஆழ்துளைக் கிணற்றின் கணக்கில் செலவு. எதைச் சேமித்தோம் என்பதை ஆவிப்போக்கை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

8. நிலையத்தின் நேர்மை

இவ்வளவு கணக்கும் நிலையம் தரும் எண்ணை நம்பி நிற்கிறது. பென்மன்–மான்டீத் சமன்பாடு, நிலையத்தைச் சுற்றி நீர் குறையாத பசும்புல் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. அலுவலகத்தின் மொட்டை மாடியிலோ, காரை பூசிய முற்றத்திலோ, வெயிலில் வெந்த தரிசிலோ கருவியை நிறுத்தினால் வெப்பம் கூடும், ஈரப்பதம் குறையும், கணக்கு வேண்டாத நீரைக் கேட்கும். இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. நன்கு நீர்பாய்ந்த சூழலில் விடியற்காலையின் குறைந்த வெப்பநிலை பனிநிலை வெப்பநிலையை நெருங்கி வரும். இரண்டுக்கும் நாள்தோறும் பெரிய இடைவெளி இருந்தால் நிலையம் இருக்கும் இடம் சரியில்லை என்று பொருள். மேகமற்ற நாளில் பதிவான வெயிலின் அளவு, அந்த அகலாங்கில் கிடைக்கக்கூடிய உச்ச அளவைத் தொட வேண்டும். எப்போதும் கீழேயே நின்றால் உணர்கருவியின்மேல் தூசி படிந்திருக்கிறது, அல்லது அது பழுதாகிவிட்டது.

காற்றின் உயரத்தையும் பார்க்க வேண்டும். பல நிலையங்களில் காற்றுமானி 10 மீட்டர்க் கம்பத்தில் இருக்கும். சமன்பாடு கேட்பது 2 மீட்டர் உயரத்தில் வீசும் காற்று. 10 மீட்டர் அளவை 0.75ஆல் பெருக்காமல் அப்படியே போட்டால் காற்றின் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பதிவாகும். மாணவர்கள் பட்டமேற்படிப்பு ஆய்வில் முதலில் சரிபார்க்க வேண்டியது இதைத்தான்.

நிலையமே இல்லாத இடத்துக்கு இன்று செயற்கைக்கோள் வழியும் வெளிவந்த தரவுத்தொகுப்புகள் வழியும் உண்டு. நாசாவின் பவர் தரவு உலகின் எந்த இடத்துக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. நிலப்பரப்பின் வெப்பத்தைக் கொண்டு ஆவிப்போக்கைக் கணிக்கும் செபால் முறையை 1990களில் பாஸ்டியான்சென் உருவாக்கினார். இவை பெரிய பரப்புக்கு நல்லவை. ஆனால் தரையில் நேர்மையாக அளக்கும் நிலையம் ஒன்றோடு ஒப்பிட்டுத் திருத்தாதவரை, கணவாய்க் காற்றும் கடலோரக் காற்றும் இவற்றில் சரியாகத் தெரியாது.

9. செய்ய வேண்டியவை

மூன்று வேண்டுகோள்களை இந்த அவையின் முன் வைக்கிறேன்.

முதலாவது, வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் வெளிவரும் வேளாண் வானிலை அறிக்கையில் மழை, வெப்பம் இவற்றோடு கடந்த நாட்களின் மேற்கோள் ஆவிப்போக்கையும் வட்டாரம்தோறும் மில்லிமீட்டரில் அச்சிட வேண்டும். ‘தேவைக்கேற்ப நீர்ப்பாசனம் செய்யவும்’ என்ற வரியால் எந்த உழவருக்கும் பயனில்லை. ‘இந்த வாரம் 38 மில்லிமீட்டர் போயிருக்கிறது’ என்று சொன்னால், பூக்கும் மக்காச்சோளக்காரர் 1.2ஆல் பெருக்கி, பயன்பட்ட மழையைக் கழித்து, தன் மோட்டார் நேரத்தைத் தானே முடிவுசெய்வார்.

இரண்டாவது, தானியங்கி நிலையங்களை நிறுவச் செலவிட்ட பணத்தில் ஒரு சிறு பங்கையாவது அவற்றைப் பேண ஒதுக்க வேண்டும். கருவியின் கீழே புல், அந்தப் புல்லுக்குத் தண்ணீர், உணர்கருவியைத் துடைக்க ஓர் ஆள், ஆண்டுக்கு ஒரு முறை அளவுத் திருத்தம். பிறகு அந்தத் தரவை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும். பொதுப்பணத்தில் அளந்த காற்றுக்கு உரிமையாளர் என்று எவரும் இல்லை.

மூன்றாவது, உழவர் பெருமக்களிடம். உங்கள் மண் எவ்வளவு நீர் பிடிக்கிறது என்று மண் ஆய்வகத்தில் ஒருமுறை கேட்டு வாங்குங்கள். டிரம் வைத்து உங்கள் மோட்டார் எவ்வளவு தள்ளுகிறது என்று அளந்து, அந்த எண்ணை மோட்டார் அறைச் சுவரில் எழுதி வையுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்குப் பிறகும் கோடையிலும், மறுபடி அளந்து பாருங்கள். எண் குறைந்துகொண்டே வந்தால் உங்கள் கிணறு ஊரின் கணக்கைச் சொல்கிறது.

வானம் கேட்பதை நாம் குறைக்க முடியாது. ஆடிக் காற்றை நிறுத்த முடியாது. மண்ணின் கொள்ளளவையும் ஒரு தலைமுறைக்குள் பெரிதாக மாற்ற முடியாது. நம் கையில் இருப்பது, கேட்ட அளவு கொடுப்பதும், கேட்காததைக் கொடுக்காமல் இருப்பதும். அதற்கு வேண்டிய எண்களை உழவர் கையில் ஒவ்வொரு வாரமும் சேர்ப்பது பல்கலைக்கழகங்களும் அரசுத் துறைகளும் செய்ய வேண்டிய கடமை. வட்டாரத்துக்கு ஒரு நிலையமாக இதைத் தொடங்கினாலும், அடுத்த கோடைக்குள் பலன் தெரிந்துவிடும். இங்கிருக்கும் மாணவர்களில் சிலராவது அந்த வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.